பிளாட்டர் ஒரு இடம், போன் இன்னொரு இடம், கரையில் நின்றால் உயரம் மைனஸ் 93: குமரிக் கடலில் ஜிபிஎஸ் சந்தேகங்கள்

பார்தேடி (முட்டம்) கேட்டது:

ஃபைபர் வள்ளத்தில் ஒரு பழைய பிளாட்டர் (கடல் மேப்பில் வள்ளத்தின் இடத்தைக் காட்டும் கருவி; ஜிபிஎஸ் மட்டும் பிடிக்கும், ஆன்டெனா தனியாக வெளியே), கூடவே ஆண்ட்ராய்டு போன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒன்று: பிளாட்டரில் ஒரு பாரின் (கடலடிப் பாறை) மார்க், அதாவது குறித்துவைத்த இடம், 8° 05.300 வடக்கு, 77° 12.400 கிழக்கு. இதையே போனில் 8 டிகிரி 5 மினிட் 30 செகண்ட், 77 டிகிரி 12 மினிட் 40 செகண்ட் என்று ஏற்றினால், வடகிழக்கே ஏறக்குறைய அறுநூறு மீட்டர் தள்ளிக் காட்டுகிறது. அங்கே எக்கோவில் (ஒலி அனுப்பிக் கடலடியைக் காட்டும் கருவி) வெறும் மணல். எதை நம்ப?

இரண்டு: அலை காலைத் தொடும் இடத்தில் நின்றாலும் ஒரு ஆப் உயரம் மைனஸ் 93 மீட்டர் என்கிறது. இன்னொரு ஆப் 2 மீட்டர் என்கிறது. போன் ஒன்றுதான்.

மூன்று: இரவு ஏழரைக்கு மேல் பிளாட்டர் அடிக்கடி இடத்தை விட்டுவிடுகிறது. பகலில் ஒரு குறையும் இல்லை. இந்தப் பிரச்சினை புரட்டாசி, ஐப்பசியில் அதிகம் என்று துறைமுகத்தில் சொல்கிறார்கள்.

நான்கு: பிளாட்டரில் தேதி 2006 என்று ஓடுகிறது. தேதி தப்பு என்றால் இடமும் தப்பா?

ஐந்து: நாவிக் (ஜிபிஎஸ் மாதிரி இந்தியாவின் சொந்த ஏற்பாடு) உள்ள போன் வாங்கினால் இதெல்லாம் தீருமா?

எட்டுடிகிரி:

முதல் கேள்வியில் பிளாட்டரும் சரி, போனும் சரி. தப்பு இடையில் எண்ணை மாற்றிய கையில். பிளாட்டரில் புள்ளிக்குப் பின்னால் வரும் 300 செகண்ட் அல்ல, மினிட்டின் ஆயிரத்தில் 300 பங்கு. அதாவது 0.3 மினிட், அதாவது 18 செகண்ட். நீங்கள் 30 செகண்ட் என்று போட்டால் அது 0.5 மினிட். 0.2 மினிட் கூடிப்போச்சு. அட்சரேகையில் ஒரு மினிட் ஒரு கடல்மைல், 1852 மீட்டர். ஆக வடக்கே 370 மீட்டர். தீர்க்கரேகையில் 0.400 மினிட் என்பது 24 செகண்ட். 40 போட்டதால் கிழக்கே கிட்டத்தட்ட 490 மீட்டர். இரண்டையும் சேர்த்தால் வடகிழக்கே 610 மீட்டர். நீங்கள் சொன்ன அறுநூறு இதுதான்.

இதைவிட மோசமான தப்பும் உண்டு. அதே எண்ணை 8.05300, 77.12400 என்று தசம டிகிரியாகப் போட்டால் பார் பத்து கிலோமீட்டர் தென்மேற்கே போய்விடும். சரியான தசம டிகிரி 8.08833, 77.20667. மினிட்டை 60-ஆல் வகுத்து டிகிரியோடு கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஒருவர் மார்க் தரும்போது எண்ணை மட்டும் வாங்காதீர்கள், எந்த வடிவத்தில் என்றும் கேளுங்கள். புள்ளிக்கு முன்னால் இரண்டு எண் கூட்டம் இருந்தால் (8 05.300) டிகிரி-மினிட். ஒரே கூட்டம் என்றால் (8.08833) தசம டிகிரி. மூன்று கூட்டம் என்றால் செகண்ட். வயர்லெஸ்ஸில் "எட்டு, பூஜ்யம் ஐந்து, முப்பது" என்று வாயால் சொல்லும்போதுதான் இந்தக் குழப்பம் பிறக்கிறது. கடைசிப் பூஜ்யத்தையும் விடாமல், "புள்ளி" என்ற சொல்லையும் விடாமல் சொல்லச் சொல்லுங்கள்.

வடிவம் சரியாக இருந்தும் நூறு மீட்டருக்கு மேல் ஒரே பக்கமாகத் தள்ளினால், செட்டிங்கில் மேப் டேட்டம் (பூமியின் எந்த அளவுக் கணக்கை வைத்து இடத்தைக் குறிப்பது) என்ற இடத்தைப் பாருங்கள். டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்க வேண்டும். யாராவது கைபட்டு இந்தியன் அல்லது எவரெஸ்ட் என்று மாற்றியிருந்தால் எல்லா மார்க்கும் ஒரே அளவில், ஒரே திசையில் நகரும். ஒரு மார்க் மட்டும் தப்பு என்றால் டேட்டம் காரணமில்லை.

இரண்டாவது கேள்விக்கான பதில் உலகத்தில் நம்ம பக்கத்துக்கே உரிய சங்கதி. ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமிக்குப் பொருத்தமாக வரைந்த, வழவழப்பான ஒரு கணக்குப் பரப்பிலிருந்து அளக்கிறது. உண்மையான கடல்மட்டம் அந்தப் பரப்போடு ஒட்டி இருக்காது. ஈர்ப்புவிசை எங்கே குறைவோ அங்கே தாழ்ந்து கிடக்கும். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உலகத்திலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இருக்கிறது. அதன் அடியில் கடல்மட்டம் கணக்குப் பரப்புக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே. குமரி மாவட்டம் அந்தப் பள்ளத்தின் வடக்குச் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் முட்டத்தில் நின்றால் மைனஸ் தொண்ணூற்றுச் சொச்சம். திருத்தம் போடாமல் காட்டும் ஆப் மைனஸ் 93 என்கிறது. பூமியின் ஈர்ப்பு வரைபடத்தை வைத்துத் திருத்திக் காட்டும் ஆப் 2 என்கிறது. போன் பழுதில்லை. கடலில் உங்களுக்கு உயரம் வேண்டவே வேண்டாம், விட்டுத்தள்ளுங்கள்.

நான்காவதுக்கு வருகிறேன், மூன்றாவதை வயர் வேலை தெரிந்தவர்களுக்கு விடுகிறேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நேரத்தை ஆண்டு, மாதம் என்று சொல்லாது. எத்தனையாவது வாரம், அந்த வாரத்தில் எத்தனையாவது செகண்ட் என்று சொல்லும். பழைய முறையில் வார எண்ணுக்குப் பத்து பிட் இடம்தான். 0 முதல் 1023 வரை போய் மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒரு தடவை திரும்பியது, 2019 ஏப்ரல் 6 இரவில் இரண்டாம் தடவை. அடுத்தது 2038 நவம்பர். பழைய கருவிக்கு இது எந்தச் சுற்று என்று தெரியாது, அதனால் 1024 வாரம், அதாவது பத்தொன்பதரை ஆண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் போய்விடும். இடம் கணக்கிட வாரத்தின் செகண்டுதான் வேண்டும். வார எண் தேதிக்கு மட்டும். ஆகவே இடம் சரியாகவே வரும். ஆனால் ஒன்று: பிளாட்டர் காட்டும் சூரிய உதயம், நிலா, வேலியேற்றப் பக்கங்கள் எல்லாம் தேதியை வைத்துத்தான். அவற்றை நம்பாதீர்கள்.

குளச்சல்_வயர்:

மூன்றாவது கேள்வி. இரவில் மட்டும் வரும் பழுதுக்கு வானத்தைக் குறைசொல்லும் முன், இரவில் மட்டும் வள்ளத்தில் எது எரிகிறது என்று பாருங்கள் மக்கா. எல்இடி விளக்கு.

மலிவான எல்இடி விளக்குகளுக்குள் 12 வோல்ட்டை மாற்றித்தரும் சின்ன சுவிட்சிங் சர்க்யூட் உண்டு. அதற்குச் சரியான ஃபில்டர் இல்லையென்றால் ரேடியோ இரைச்சலைக் கக்கும். ஜிபிஎஸ் சிக்னல் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. வந்து சேரும்போது சாதாரண ரேடியோ இரைச்சலுக்கும் கீழே அமுங்கித்தான் கிடக்கும். குறியீட்டை வைத்துத்தான் ரிசீவர் அதைத் தோண்டி எடுக்கிறது. பக்கத்தில் ஒரு கத்தல் இருந்தால் போச்சு. டிவி ஆன்டெனா பூஸ்டரும் இதே வேலை செய்யும். 2001-ல் கலிபோர்னியாவில் மாஸ் லேண்டிங் துறைமுகம் முழுக்க ஜிபிஎஸ் படுத்ததற்கு, அங்கே நின்ற படகுகளின் டிவி ஆன்டெனா பூஸ்டர்களே காரணம் என்று கண்டுபிடித்தார்கள்.

சோதனை இப்படி. பிளாட்டரில் சாட்டிலைட் பக்கத்தைத் திறந்து சிக்னல் பட்டைகளைப் பாருங்கள். விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் காத்திருங்கள். ஏதாவது ஒரு விளக்கு போட்டதும் எல்லாப் பட்டையும் ஒரே நேரத்தில் சரிந்தால் அதுதான் திருடன். அடுத்து போன் சார்ஜரையும் இதேபோல் பாருங்கள். சுவிட்சை அணைத்தும் பட்டை ஏறாவிட்டால் ஒயரைப் பேட்டரியிலிருந்தே கழற்றிப் பாருங்கள்.

கூடவே இவற்றையும் சரிபார்க்க வேண்டும்:

ஆன்டெனாவும் வயர்லெஸ் கம்பமும் ஒன்றோடொன்று உரசி நிற்கிறதா? குறைந்தது ஒரு மீட்டர் விலக்குங்கள். மைக்கை அழுத்திப் பேசும்போது மட்டும் இடம் போனால் காரணம் இதுதான்.

ஆன்டெனா கேபிளின் முனை. உப்புத்தண்ணீர் உள்ளே போனால் செம்பு பச்சை பிடித்துவிடும். பகல் வெயிலில் காய்ந்து ஓரளவு வேலை செய்யும், இரவுப் பனியில் ஈரம் ஏறிப் படுத்துவிடும். உங்கள் அடையாளத்துக்கு இதுவும் பொருந்துகிறது. கனெக்டரைக் கழற்றி, பிளாட்டர் பக்கத்து நடு ஊசிக்கும் வெளிவளையத்துக்கும் இடையே மீட்டரை வையுங்கள். பெரும்பாலான மாடலில் 5 வோல்ட் வரும், சிலவற்றில் 3.3. அது ஆன்டெனாவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கரண்ட். பிளாட்டர் கொடுத்தும் ஆன்டெனா பிடிக்கவில்லை என்றால் கேபிள் அல்லது ஆன்டெனா பழுது. கேபிள் பச்சை பிடித்திருந்தால் செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை போடுங்கள். சுரண்டிச் சேர்த்தால் அடுத்த மாதமே திரும்ப வரும். மேலே தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்ற வேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப் கடலுக்கு ஆகாது, உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பேட்டரி. இரவில் விளக்கு, எக்கோ, வயர்லெஸ் எல்லாம் ஓடும்போது பிளாட்டர் முனையில் வோல்ட்டேஜ் எவ்வளவு? 11-க்குக் கீழே தொங்கினால் தனி ஒயர் இழுங்கள்.

எட்டுடிகிரி:

வயர் அண்ணன் சொன்னதை முதலில் செய்யுங்கள். ஆனால் புரட்டாசி, ஐப்பசிக் கதையைக் கட்டுக்கதை என்று தள்ளவும் முடியாது.

பூமியின் காந்த நடுக்கோடு நம்ம தென்முனையை ஒட்டித்தான் ஓடுகிறது. தும்பாவில் ராக்கெட் தளம் போட்டதற்கும் (முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21), திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். இந்தக் கோட்டுக்கு மேலே, சூரியன் விழுந்ததும் அயனி மண்டலம் ஒரு தடவை மேலே எழும்பும். அடியில் இருக்கும் அடர்த்தி குறைந்த பகுதி குமிழி குமிழியாக மேலே ஏறும். அந்தக் குமிழி வழியாக வரும் சிக்னல் நட்சத்திரம் மாதிரி மின்னும். ரிசீவர் பிடியை விட்டுவிடும். பொழுது சாய்ந்ததிலிருந்து நடுராத்திரி வரை. பங்குனி-சித்திரையிலும் புரட்டாசி-ஐப்பசியிலும், இரவும் பகலும் சமமாக வரும் நாட்களை ஒட்டி அதிகம். சூரியக் கரும்புள்ளி கூடும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். வேடிக்கை என்னவென்றால், குமிழி பிறப்பது நம்ம தலைக்கு மேல், ஆனால் ஜிபிஎஸ்ஸை ரொம்பப் படுத்துவது அகமதாபாத், போபால் வட்டாரத்தில். அயனி அடர்த்தி அங்கேதான் குவிகிறது.

எது வானம், எது வயர் என்று பிரிக்க ஒரு வழி. இடைஞ்சல் வள்ளத்துக்குள் இருந்தால் எல்லாப் பட்டையும் ஒன்றாகச் சரியும். வானம் என்றால் ஒன்றிரண்டு செயற்கைக்கோள் மட்டும் துள்ளும், மற்றவை நிமிர்ந்து நிற்கும். அதுவும் குமிழிகள் மேற்கிலிருந்து கிழக்கே நகர்வதால் துள்ளலும் மேற்கு வானத்திலிருந்து கிழக்குக்கு மாறும். பக்கத்து வள்ளத்திலும் அதே நேரத்தில் வருகிறதா என்று வயர்லெஸ்ஸில் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

இப்போது ஐந்தாவது. நாவிக் என்பதற்கு ஏழு செயற்கைக்கோள் திட்டம்: மூன்று நிலநடுக்கோட்டுக்கு மேல் அசையாமல், நான்கு எட்டு வடிவில் ஏறி இறங்கும். எல்லாம் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். முதலாவது 2013 ஜூலையில் போனது. ஆனால் பல செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரம் பழுதாகிவிட்டது. 2017-ல் அனுப்பிய ஒன்று வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது; 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02, எரிபொருளை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றியை எஞ்சினுக்கு விடும் வால்வு திறக்காமல் உரிய சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. எனவே நாவிக் மட்டும் தனியாக இடம் காட்டும் என்று எண்ணி வாங்காதீர்கள். போன் எல்லாவற்றையும் கலந்துதான் கணக்குப் போடும்: அமெரிக்க ஜிபிஎஸ், ரஷ்ய குளோனாஸ், ஐரோப்பிய கலிலியோ, சீன பெய்டோ, கூட நாவிக்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. போன் எல்5 அலைவரிசையையும் பிடிக்கிறதா என்று கேளுங்கள். அயனி மண்டலத்தில் ஏற்படும் தாமதம் அலைவரிசைக்கு ஏற்ப மாறும், எல்1-ஐவிட (1575.42 மெகாஹெர்ட்ஸ்) எல்5-ல் (1176.45) ஏறக்குறைய 1.8 மடங்கு. இரண்டையும் ஒப்பிட்டால் தாமதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம். அயனி மண்டலம் கொதிக்கும் நம்ம ஊரில் இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் மின்னும் சிக்னல் அறுந்தே போனால் இரண்டு அலைவரிசையும் உதவாது. அப்போது செயற்கைக்கோள் எண்ணிக்கைதான் காப்பாற்றும். ஜிபிஎஸ் மட்டும் பிடிக்கும் பழைய பிளாட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு தெரியும், புதிய போனுக்கு முப்பதுக்கு மேல். கடையிலேயே வெளியே எடுத்துவந்து "ஜிபிஎஸ் டெஸ்ட்" ஆப்பைப் போட்டால் எது எது வருகிறது, எந்த அலைவரிசை என்று தெரிந்துவிடும்.

உங்கள் பிளாட்டரில் காசில்லாமல் ஒரு காரியம் செய்யலாம். செட்டிங்கில் எஸ்பிஏஎஸ் அல்லது வாஸ் என்று இருந்தால் ஆன் செய்யுங்கள். நம்ம ககன் (ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் இந்திய ஏற்பாடு) அனுப்பும் திருத்தச் செய்தி அந்த வழியாகத்தான் வரும். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் விமானங்களுக்காகச் செய்தது. திருவனந்தபுரத்தில் ஒரு கண்காணிப்பு நிலையம் இருப்பதால் நமக்கு நல்ல திருத்தம் கிடைக்கும். சாட்டிலைட் பக்கத்தில் 127, 128, 132 எண்களில் ஏதாவது ஒன்று வந்தால் ககன் பிடிபட்டது. மாடல் ரொம்பப் பழையது என்றால் இந்த எண்களைத் தேடாது, அப்போது ஒன்றும் செய்வதற்கில்லை.

பார்தேடி:

நன்றி அண்ணன்மாரே. ஆன்டெனா பக்கத்தில் இருந்த பின்பக்க எல்இடி விளக்கைப் போட்டதும் எல்லா சிக்னல் பட்டையும் ஒன்றாக விழுகிறது, அணைத்தால் ஏறுகிறது. ஒரு சந்தேகம் பாக்கி. வடிவம் சரியாகப் போட்டபிறகும் பாரில் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளுகிறது. இது எதனால்?

குளச்சல்_வயர்:

விளக்கை மாற்றும்வரை ஆன்டெனாவை அதிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி உயரத்தில் கட்டுங்கள்.

பத்து மீட்டர் வித்தியாசம் சாதாரணம். மூன்று இடத்தில் பிறக்கும். எக்கோவின் டிரான்ஸ்டியூசர் (ஒலி அனுப்பும் பகுதி) பின்னால், ஜிபிஎஸ் முன்னால் என்றால் வள்ளத்தின் நீளமே வித்தியாசம். எட்டு நாட் வேகத்தில் செகண்டுக்கு நான்கு மீட்டர். எக்கோவில் பாரைக் கண்டு, கை மார்க் பட்டனுக்குப் போக இரண்டு செகண்ட் என்றால் எட்டு மீட்டர். மீதி ஜிபிஎஸ்ஸின் சொந்தப் பிழை, திறந்த வானத்தில் மூன்று முதல் ஐந்து மீட்டர். மார்க் போடும்போது வேகத்தைக் குறைத்து, இரண்டு எதிரெதிர்த் திசையில் ஓடி இரண்டு மார்க் போட்டு நடுவை எடுங்கள். வேகத்தால் வரும் பிழை அடிபட்டுப் போகும்.

இன்னொன்று, எஞ்சினை நிறுத்தியதும் பிளாட்டரில் அம்பு சுற்றும். அது பழுதல்ல. ஜிபிஎஸ்ஸுக்கு வள்ளத்தின் மூக்கு எங்கே என்று தெரியாது, வள்ளம் எங்கே நகர்கிறது என்று மட்டும் தெரியும். நீர் இழுக்கும்போது மூக்கு தெற்கே இருக்கும், அம்பு கிழக்கே காட்டும். வலை விரிக்கும்போது இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் நீரின் போக்கையே அதிலிருந்து அளந்துவிடலாம். மலையையும் கோபுரத்தையும் பார்த்துக் கணியம் வைக்கும் பெரியவர்கள் இதைக் கருவி இல்லாமலே செய்வார்கள்.

சென்ட்கணக்கு (தக்கலை):

கரையில் இருப்பவன் ஒரு கேள்வி. போனில் நடந்து சுற்றிவந்தால் நிலத்தின் பரப்பு சொல்லும் ஆப் உண்டே. ஐந்து சென்ட் மனைக்கு நம்பலாமா?

எட்டுடிகிரி:

கூடாது. ஐந்து சென்ட் என்பது 202 சதுர மீட்டர், சதுரமாக இருந்தால் பக்கம் 14.2 மீட்டர். பக்கத்துக்கு மூன்று மீட்டர் கூடினால் ஏழே கால் சென்ட், மூன்று மீட்டர் குறைந்தால் மூன்று சென்ட். பக்கத்தில் ரப்பரும் தென்னையும் இருந்தால் இலையில் பட்டு, சுவரில் தெறித்து வரும் சிக்னலால் இன்னும் மோசம். பத்து ஏக்கர் தோட்டத்துக்குத் தோராயமாகப் பார்க்க உதவும். எல்லைக்கல் காரியத்துக்கு ஆர்டிகே கருவி வேண்டும். அது குறியீட்டை மட்டும் பார்க்காமல், 19 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையையே எண்ணும். இந்திய நில அளவைத் துறையின் நிரந்தர நிலையங்களிலிருந்து திருத்தம் வாங்கி சென்டிமீட்டர் கணக்கில் தரும். அதற்கும் வானம் திறந்திருக்க வேண்டும்.

தங்கல்வலை (தூத்தூர்):

தங்கல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) போகிறவர்களுக்கு நாலு சங்கதி சேர்க்கிறேன்.

டவர் இல்லாத கடலில் போனை முதன்முதலாகத் திறந்தால் இடம் கிடைக்க நேரமாகும். கரையில் இன்டர்நெட் வழியாக செயற்கைக்கோள் விவரத்தை நொடியில் வாங்கிக்கொள்ளும். கடலில் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்க வேண்டும். ஒவ்வொன்றின் பாதை விவரத்துக்கும் அரை நிமிடம், முழு அட்டவணைக்குப் பன்னிரண்டரை நிமிடம். துறையை விடும் முன்பே ஆன் செய்து ஓடவிடுங்கள். மேப்பையும் கரையிலேயே இறக்கிவையுங்கள்.

நிலநடுக்கோட்டைத் தாண்டி டியாகோ கார்சியா பக்கம் போகும் விசைப்படகுகள் மார்க்கைக் கையால் ஏற்றும்போது வடக்கு/தெற்கு எழுத்தைப் பாருங்கள். மாற்றாவிட்டால் கருவி வடக்கு என்றே எடுத்துக்கொள்ளும்.

இலங்கை எல்லைக்கோடு (1974, 1976 ஒப்பந்தங்கள்) எல்லாக் கருவியிலும் தானாக வராது. கோட்டின் புள்ளிகளை ரூட்டாக ஏற்றி அலாரம் வையுங்கள். அந்தக் காலத்தில் டபிள்யூஜிஎஸ் 84 கிடையாது, ஆகவே கோட்டில் உரசாமல் இரண்டு கடல்மைலாவது உள்ளே அலாரம் அடிக்கட்டும்.

கடைசியாக, ஜிபிஎஸ் இருந்தால் கரையில் இருப்பவர்களுக்கு நாம் எங்கே என்று தெரியும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். தெரியாது. அது கேட்கும், பேசாது. ஒக்கிப் புயலுக்குப் பிறகு 2019-ல் வந்த ஜெமினி கருவியும் அப்படித்தான்: ககன் வழியாகப் புயல், அலை எச்சரிக்கை நமக்கு வரும், நம்மிடமிருந்து ஒன்றும் போகாது. நம் இடத்தைக் கரைக்கு அனுப்ப வேண்டுமானால் இஸ்ரோவின் இருவழி டிரான்ஸ்பாண்டர் அல்லது ஆபத்து அலாரம் அனுப்பும் கருவி தனியாக வேண்டும். அதன் ஆன்டெனாவையும் எல்இடி பக்கத்தில் கட்டாதீர்கள்.